பதினேழாம் ஓட்டம்

இரவு இரண்டு நாற்பது. பாயான் லெப்பாஸ்.
மின்னஞ்சலின் முதல் வரி: பயிற்சி, பயிற்சி, பயிற்சி.
மூன்று முறை சொன்னால் பயம் வராது என்று
யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உலை கற்பனை. அது நிற்கும் கரையும் கற்பனை.
வடமேற்கே, கடலுக்கு அப்பால், ஒரு புள்ளி.
மூடி திறந்துகொண்டதாம்.
எவ்வளவு வெளியேறியது என்ற கட்டத்தில்
'தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள்.
அது மட்டும் கற்பனையாகத் தோன்றவில்லை.

சுவீ ஹூன் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றினாள்.
"எதையாவது ஓர் எண்ணைப் போடு, யோகமலர்.
காற்றுக்குக் காத்திருக்கத் தெரியாது."
ஒன்றுக்குப் பின் பதினைந்து சுழியம் போட்டேன்.
பதினாறும் போட்டிருக்கலாம்.
ஒரு சுழியம்
என் விரல் நுனிக்கு ஒரு தட்டு.
யாரோ ஒரு குழந்தையின் கழுத்துக்குப் பத்து மடங்கு.

பத்தாயிரம் துகள்களை அவிழ்த்துவிட்டேன்.
ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் காற்று, கொஞ்சம் பகடை.
அயோடின் எட்டு நாளில் பாதியாகும்.
சீசியத்துக்கு முப்பது ஆண்டு,
எங்கள் வீட்டுக் கடன் மாதிரி.

வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல்,
மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல்.
கொண்டல் மழை கொண்டுவரும் என்றார் சாந்தரூபி டீச்சர்.
இங்கே மழை மேற்கிலிருந்து வரும்,
இரவெல்லாம் நீரிணையில் திரண்டு
விடியுமுன் சுவர் மாதிரி.
திரையில் அந்த நான்கு பெயரும் இல்லை.
கிழக்காக எவ்வளவு, வடக்காக எவ்வளவு,
அடியில் மூன்றாவதாக மேலே எழும் ஒன்று.
அதற்கு டீச்சர் பெயர் சொல்லித் தரவில்லை.

ஜூனில், பாலிக் புலாவ் பக்கம்
டுரியான் விழத் தொடங்கினால்
ஆயர் ஈத்தாமில் எங்கள் பதினோராம் மாடிக்குத் தெரிந்துவிடும்.
குணாளன் மூக்கை நிமிர்த்திச் சொல்வார்,
"நாற்பது பழமாவது இருக்கும்."
என் வேலையும் அவ்வளவுதான்,
மலைக்கு இந்தப் பக்கம் நின்று
அந்தப் பக்கத்து மரத்தடியை எண்ணுவது.
ஆனால் இதற்கு
மணம் இல்லை.

ஐம்பது ஓட்டங்கள்,
தொடக்கக் காற்றை இம்மியளவு கலைத்துக் கலைத்து.
நாற்பத்தொன்றில் எல்லாம் கடலோடு போயிற்று
(மீன்களைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை).
எட்டில் தீவுக்கு மேலே, உயரத்தில்,
யாரையும் தொடாமல் கடந்தது.
பதினேழாவதில்
கொம்தார் கோபுரத்தைத் தாண்டி
மலையில் முட்டி நின்றது.
மாலை நாலு மணி. மழை.
வெறுங்காற்று தூவிவிட்டுப் போவதை
மழை கொட்டிக் கவிழ்க்கும்.
மூன்று கிலோமீட்டரில் ஒரு சிவப்புச் சதுரம்.
அதற்குள் சந்தை, கோயில் ஆமைக்குளம், லக்சா கடை,
கம்பியில் காயும் பள்ளிச் சீருடை இரண்டு.

ஆறு மணிக்கு இயக்குநர் ரஸ்லான் அழைத்தார்.
"வருமா, வராதா? ஒரே வரியில்."
"ஐம்பதில் ஒன்று."
"இரண்டு விழுக்காடு. அப்படியென்றால் வராது."
"மழை பெய்தால் வரும்."
"பினாங்கில் என்றைக்கு மழை பெய்யவில்லை?"
அவரே சொல்லிவிட்டு
அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

நம்பகம்: குறைவு, நடுத்தரம், உயர்வு.
நடுத்தரத்தில் புள்ளி வைத்தேன்.
போன புகைமூட்டத்துக்கும் அங்கேதான் வைத்தேன்.

ஏழரைக்குப் பயிற்சி முடிந்தது என்று வந்தது.
இம்முறை ஒரே தடவை.
எவ்வளவு கசிந்தது என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தூங்கினேன்.
மழை வந்தது, நாலுக்கு அல்ல, நாலே காலுக்கு.
பதினைந்து நிமிடப் பிழை, மோசமில்லை என்று
சுவீ ஹூனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுத்தான்
கம்பிக்கு ஓடினேன். சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

நல்ல மழைத் தண்ணீர்தானே,
பிழிந்து போட்டால் போதாதா,
இரண்டு முறை ஏன் துவைத்தாய் என்று
குணாளன் கேட்டார்.